பட்டம் தராத கல்லூரிகள்

கொட்டாஞ்சேனையைத் தாண்டி வடக்கே போனால் முகத்துவாரம். 1918இல் கல்கிசைக்கு இடம்மாறும் வரை சென் தோமஸ் கல்லூரி அங்கேதான் இருந்தது. அங்கிலிக்கன் ஆயர் ஜேம்ஸ் சப்மன் 1851இல் தொடங்கிய கல்லூரி அது. 1910களில் அங்கே படித்தவர்களில் இருவரைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். ஒருவர் ஹொரகொல்லை வளவுப் பிள்ளை; 1899 ஜனவரியில் பிறந்தவர். மற்றவர் மலாயாவின் ஈப்போவில் 1898 மார்ச்சில் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்து, யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ் வழியாகக் கொழும்புக்கு வந்தவர். இருவரும் கிறிஸ்தவக் குடும்பத்தவர். இருவரும் பின்னாளில் சட்டம் படித்தார்கள், கட்சி தொடங்கினார்கள். 1957 ஜூலை 26ஆம் திகதி பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரண்டு கைகளும் ஒரே கல்லூரியில் பரீட்சை எழுதிப் பழகிய கைகள்தாம். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது.

கல்லூரி ஒன்று, பட்டம் வேறு வேறு. பண்டாரநாயக்க ஒக்ஸ்போர்ட் போனார், லண்டனில் பாரிஸ்டர் ஆனார். செல்வநாயகம் கப்பல் ஏறாமலே லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி ஆனார். வெளிவாரி மாணவராகப் பரீட்சை எழுதிப் பெற்ற பட்டம் அது. பிறகு கொழும்பு வெஸ்லி கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டே சட்டக் கல்லூரியில் படித்து, 1923இல் அப்புக்காத்து ஆனார். மெதடிஸ்த மிஷனின் பள்ளியில் சம்பளம், புதுக்கடையில் சட்டம், லண்டனிலிருந்து பட்டம் என்று அந்த ஒரு மனிதருக்குள் மூன்று இடங்கள் இருந்தன.

இலங்கையில் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இல்லை, இருந்ததும் இல்லை. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் அரசியலை நடத்திய சட்டத்தரணிகளில் கணிசமானோர் கிறிஸ்தவக் கல்லூரிகளைக் கடந்து வந்தவர்கள். பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் சகோதரர்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. சுழிபுரம் விக்ரோறியாவில் படித்த அமிர்தலிங்கத்தையும் சேர்க்க முடியாது. ஆனால் ஜீ.ஜீ. பொன்னம்பலம் யாழ்ப்பாணம் சென் பற்றிக்ஸிலும் கொழும்பு சென் ஜோசப்பிலும் படித்தவர். கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கமும் கொழும்பு சென் ஜோசப்பின் மாணவர். இருவரும் சைவர்கள். கல்லூரி வளவில் தேவாலயம் இருந்ததால் அவர்கள் மதம் மாறிவிடவில்லை. வாதாடப் பழகிக்கொண்டு வெளியே வந்தார்கள். பட்டத்துக்குத்தான் கேம்பிரிட்ஜுக்கும் ஒக்ஸ்போர்ட்டுக்கும் போக வேண்டியிருந்தது.

படிப்பித்த இடம் ஒன்று, பட்டம் தந்த இடம் இன்னொன்று என்ற இந்தப் பிரிவினை கொழும்பில் தொடங்கியதல்ல. அதன் வேர் வட்டுக்கோட்டையில் இருக்கிறது.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் முன்வைத்த திட்டம் ஒரு கல்லூரிக்கானது. தமிழும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் கணிதமும் வானியலும் ஒரே கூரையின் கீழ் படிப்பிக்கப்பட வேண்டும் என்றார்கள். நடைமுறையில் கிடைத்தது வட்டுக்கோட்டைச் செமினரி. டானியல் பூவர் அதன் முதல் அதிபர். 1840களில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் அதைப் பார்த்துவிட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் வரிசையில் வைக்கத்தக்கது என்று எழுதினார். அந்தப் புகழ்ச்சி வெளியான ஐந்தாறு ஆண்டுகளில், 1855இல், செமினரி மூடப்பட்டது. மிஷன் பணம் தாய்மொழிப் பள்ளிகளுக்கும் சமயப் பணிக்கும் போக வேண்டும், ஆங்கிலம் படித்து அரசாங்க வேலைக்குப் போகிறவர்களை உருவாக்குவதற்கல்ல என்று பொஸ்டனில் இருந்த தலைமைச் சபை முடிவெடுத்தது. தமிழ் மாணவர் பல்கலைக்கழகத்தின் வாசலில் நின்றபோது கதவைச் சாத்தியவர்கள் அதைக் கட்டியவர்களே. இந்த ஒரு சம்பவத்தில் அரசாங்கத்தைக் குற்றம் சொல்ல இடமில்லை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்: கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தாமோதரம்பிள்ளை பதிப்பாசிரியராகத்தான் வருகிறார். வீரசோழியம், கலித்தொகை, தொல்காப்பியப் பொருளதிகாரம் ஆகியவற்றை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். அவர் 1871இல் பி.எல். தேறியவர் என்பதும், கும்பகோணத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்து பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர் என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவச் செமினரியில் படித்து, சைவத்துக்குத் திரும்பிய ஒரு சட்டப் பட்டதாரி அவர். சாட்சியங்களை ஒப்புநோக்கிப் பழகிய நீதிமன்றக் கண்ணுக்கும் ஏட்டுப் பாடபேதங்களை ஒப்புநோக்கிய கண்ணுக்கும் உள்ள உறவை யாராவது விரிவாக எழுதினால் நல்லது.

செமினரியின் இடத்தில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. முதலில் கல்கத்தாப் பல்கலைக்கழக இணைப்பு, பின்னர் லண்டன் பரீட்சைகள். இங்கும் பட்டம் வெளியிலிருந்துதான் வந்தது. ஆனால் அரசியல் வெளியிலிருந்து வரவில்லை. அங்கே படித்து அங்கேயே ஆசிரியரான ஹன்டி பேரின்பநாயகமும் அவரது நண்பர்களும் 1924 டிசம்பரில் மாணவர் காங்கிரஸ் ஒன்றைக் கூட்டினார்கள். பின்னர் அது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. முதல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஜே.வி. செல்லையாவும் அதே கல்லூரி ஆசிரியர். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது இந்த அமைப்பு. 1931இல், முழுச் சுயராஜ்யம் தராத டொனமூர் அரசியலமைப்பை ஏற்க முடியாது என்று தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்ததும் இதுதான். குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் வேட்புமனு தாக்கலாகவில்லை.

அந்தப் பகிஷ்கரிப்பு புத்திசாலித்தனமானதா என்று இன்றும் தமிழ்ப் பத்திரிகைகளில் சண்டை நடக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. லண்டன் பரீட்சை கேட்ட எந்த வினாத்தாளிலும் இது இல்லை. பாடத்திட்டம் வெளியிலிருந்து வந்ததால், உள்ளூர் அரசியல் வகுப்புக்கு வெளியே, விவாத மன்றத்திலும் விடுதி அறையிலும் படிக்கப்பட்டது. பட்டம் தரும் உரிமை இல்லாமை ஒரு குறை. ஆனால் அந்தக் குறை தந்த சுதந்திரமும் ஒன்று இருந்தது.

கொழும்புக்குத் திரும்புவோம்.

1942இல் ஐவர் ஜெனிங்ஸை முதல் துணைவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. அவரே பிரித்தானிய அரசியலமைப்புச் சட்டத்தில் பெயர் பெற்ற ஆசிரியர். சட்டத்துறை 1947இல் வந்தது. 1952க்குள் கலைப்பீடமும் சட்டமும் பேராதனைக்கு ஏறிப் போயின. கொழும்பில் வேலை செய்துகொண்டே கலைத்துறைப் பட்டம் படிக்க விரும்பியவர்களுக்கும், பல்கலைக்கழக இடம் கிடைக்காதவர்களுக்கும் நகரில் ஒரு வெற்றிடம் உண்டானது. 1954இல் பொறளையில் அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதை இந்த வெற்றிடத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அதைத் தொடங்கியவர் ஒரு தமிழர்: அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த பீற்றர் பிள்ளை அடிகள். கேம்பிரிட்ஜிலும் ரோமிலும் படித்தவர்; 1940 முதல் மருதானை சென் ஜோசப் கல்லூரியின் அதிபர்; தொழிலாளர் கூலி, சொத்துரிமை பற்றிய திருச்சபையின் சமூகப் போதனையை இலங்கையில் பரப்ப இயக்கம் நடத்தியவர். அக்குவைனாஸ் மாணவர்களை லண்டன் வெளிவாரிப் பட்டங்களுக்கு ஆயத்தப்படுத்தியது. ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு மிக அருகில் கொழும்பு வந்த தருணம் அதுவே.

அதற்குப் பிறகு நடந்தவை வேகமானவை. 1956 தேர்தலில் பண்டாரநாயக்க வென்றார். 1958ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் வித்தியோதய, வித்தியாலங்கார என்ற பௌத்த பிரிவெனாக்கள் இரண்டையும் பல்கலைக்கழகங்கள் ஆக்கியது. 1960இன் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் அரசாங்க உதவி பெற்ற பள்ளிகளை அரசின் கீழ் கொண்டுவந்தன. அதை எதிர்த்துக் கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக் கட்டடங்களுக்குள் புகுந்து இரவு பகலாக இருந்தார்கள். கொட்டாஞ்சேனை சென் பெனடிக்ற்ஸ், பம்பலப்பிட்டி சென் பீற்றர்ஸ், சென் ஜோசப், வெஸ்லி போன்றவை அரசுக்குப் போகாமல் தனியாக நின்றன. ஆனால் மாணவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. பள்ளியைக் காப்பாற்றவே பணம் தேடி அலைந்த திருச்சபை, பல்கலைக்கழகம் பற்றிக் கனவு காணும் நிலையில் இல்லை.

பௌத்தத்துக்குக் கொடுத்தார்கள், கிறிஸ்தவத்துக்கு மறுத்தார்கள் என்று இதைச் சுருக்கிச் சொல்வது சுலபம். ஆனால் சரியான சுருக்கம் அல்ல. நூறாண்டுக்கு மேலாக அரசாங்கப் பணத்தில் மிஷன் பள்ளிகளே முன்னணியில் நின்றன. பௌத்தருக்கும் சைவருக்கும் அதில் நியாயமான மனக்குறை இருந்தது. இன்னொன்று, மதத்தின் பெயரால் கிடைத்த பல்கலைக்கழகம் மதத்தின் கையில் நிற்கவும் இல்லை. இருபது ஆண்டுகளுக்குள் வித்தியோதய, ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் ஆனது. வித்தியாலங்கார, களனிப் பல்கலைக்கழகம் ஆனது. இன்று களனியில் கிறிஸ்தவப் பண்பாட்டை ஒரு துறையே படிப்பிக்கிறது. வடக்கில் இதற்கு மறுபக்கம் நடந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது அதன் விஞ்ஞான வகுப்புகள் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பகுதிக் கட்டடத்தில்தான் நடந்தன.

அக்குவைனாஸில் பீற்றர் பிள்ளை அடிகளுக்குப் பிறகு, 1964இல், திஸ்ஸ பாலசூரிய அடிகள் தலைமை ஏற்றார். சிங்களவர், பொருளியல் படித்தவர். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்து ஆயிரக்கணக்கான இளைஞர் கொல்லப்பட்ட ஆண்டில் அவர் பதவியை விட்டு விலகி, சமூகத்துக்கும் சமயத்துக்குமான ஆய்வு நிலையத்தை மருதானையில் தொடங்கினார். மரியாள் பற்றி அவர் எழுதிய நூலுக்காக 1997 ஜனவரியில் வத்திக்கான் அவரைச் சபைவிலக்கு செய்தது. ஓராண்டில் அதை நீக்கியது. கிறிஸ்தவ உயர்கல்வி அரசாங்கத்தோடு மட்டுமல்ல, தன் திருச்சபையோடும் மோத நேரும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் இலங்கையில் இல்லை. அக்குவைனாஸ் இன்றும் பொறளையில் இருக்கிறது. பெயரில் ‘பல்கலைக்கழகம்’ இல்லை. உயர்கல்விக்கான கல்லூரி என்றே அழைக்கப்படுகிறது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் கதை ஏன் வேறு மாதிரிப் போனது? விடை சட்டத்தில் இருக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 30ஆவது உறுப்புரை, மத, மொழிச் சிறுபான்மையினர் தமக்கு விருப்பமான கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை எழுத்தில் தருகிறது. 1974இல் அகமதாபாத் சேவியர் கல்லூரி வழக்கிலும் அதற்குப் பின்னும் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த உரிமைக்கு விளக்கம் எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. பெங்களூரில் 1969இல் ஒரு கல்லூரியாகத் தொடங்கிய கிறைஸ்ட், 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது, பி.ஏ., எல்எல்.பி. என்ற ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பும் அங்கே உண்டு. சட்டத்தையும் அரசியலையும் ஒரே கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் படிப்பது தென்னாசியாவில் அங்கே சாத்தியம். சென்னை லயோலாவும் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியும்கூட இன்றுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தையே தருகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பில் 29(2) என்ற பிரிவு இருந்தது. ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டம் இயற்றக் கூடாது என்று அது தடுத்தது. நிறுவனம் நடத்தும் உரிமையை அது தரவில்லை. 1972 குடியரசு அரசியலமைப்பு அந்தப் பிரிவையும் விட்டுவிட்டது. 1978இன் அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் 9ஆவது உறுப்புரையும், சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் தரும் 10ஆவது உறுப்புரையும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டுக்கும் இடையில் ஒரு கிறிஸ்தவக் கல்வி அமைப்பு அகப்பட்டால் என்ன ஆகும் என்பது 2003இல் தெரிந்தது. மென்சிங்கன் திருச்சிலுவைச் சபையின் ஆசிரியச் சகோதரிகள் தம் சபையைச் சட்டபூர்வமாகக் கூட்டிணைக்க ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். படிப்பிப்பதும் நோயாளரைப் பராமரிப்பதும் அவர்கள் செய்துவந்த வேலை. மதத்தைப் பின்பற்ற உரிமை உண்டு, பரப்புவதற்கு உரிமை அரசியலமைப்பில் இல்லை என்ற நிலைப்பாட்டோடு, மசோதா 9, 10ஆவது உறுப்புரைகளுக்கு முரணானது என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சகோதரிகள் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். 2005 ஒக்டோபரில் குழு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உள்நாட்டில் எதுவும் மாறவில்லை.

இந்த வழக்கை அரசறிவியல் மாணவர் ஒரு வகையிலும் சட்ட மாணவர் வேறு வகையிலும் படிப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கே அதன் முழுக் கனமும் புரியும். கொட்டாஞ்சேனைக்கு அதைவிட அண்மையான பாடமும் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம் உட்பட மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்கூட்டியே உளவுத் தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறினார்கள் என்று அடிப்படை உரிமை மீறல் மனுக்கள் தாக்கலாயின. 2023 ஜனவரி 12ஆம் திகதி ஏழு நீதியரசர் கொண்ட ஆயம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. அந்தத் திருத்தலத்துக்கு மெழுகுதிரி கொளுத்தப் போகும் குடும்பத்துப் பிள்ளைக்கு அத்தகைய மனுக்களுக்கு வழிசெய்யும் 126ஆவது உறுப்புரை வெறும் பாடக் குறிப்பாக இருக்க முடியாது.

அந்தப் பிள்ளை இன்று என்ன படிக்கலாம்? உயர்தரக் கலைப்பிரிவில் அரசறிவியலோடு கிறிஸ்தவ நாகரிகத்தையும் ஒரு பாடமாக எடுக்கலாம். இரண்டும் தமிழில் உண்டு. இசட் புள்ளி வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய அரசப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படிக்கலாம். தாண்டாவிட்டால் திறந்த பல்கலைக்கழகம், அல்லது வெள்ளவத்தை காலி வீதியில் பலகை தொங்கும் தனியார் நிறுவனங்கள் வழியாகப் பிரித்தானியப் பட்டம். எல்எல்.பி. என்பதில் ஏன் இரண்டு ‘எல்’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இலத்தீனில் அது பன்மை, ‘சட்டங்கள்’. ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் உரோமக் குடியியல் சட்டமும் திருச்சபைச் சட்டமும் அருகருகே படிப்பிக்கப்பட்டன. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1535இல் இரண்டாவதை நிறுத்தினார். முதலாவது, ஒல்லாந்தர் கப்பலில் உரோம-டச்சுச் சட்டமாக இலங்கைக்கு வந்து இன்னும் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே, 1707 அளவில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையும் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழர் கிறிஸ்தவரானாலும் சைவரானாலும் அது ஒன்றுதான். மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற விதியை 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் எழுதி வைத்தது. வெள்ளவத்தையில் மாடிவீடு கைமாறும்போது இந்தக் கேள்வி நொத்தாரிசின் மேசைக்கு வந்ததுண்டு.

சட்டம் படிக்க எந்த வழியில் போனாலும் கடைசியில் எல்லோரும் போய்ச் சேரும் இடம் புதுக்கடை. 1874இல் தொடங்கிய சட்டக் கல்லூரியின் பரீட்சைகளைத் தாண்டாமல் இலங்கையில் சட்டத்தரணி ஆக முடியாது. அங்கே ஆங்கிலத்தில் மட்டுமே பரீட்சை என்று 2020 டிசம்பரில் ஒரு வர்த்தமானி வந்தது. மாணவர் எதிர்த்தார்கள், 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த ஒழுங்குவிதியைத் தோற்கடித்தது.

இன்று இலங்கையில் கிறிஸ்தவ நிறுவனமொன்றில் படித்துப் பெறக்கூடிய இறையியல் பட்டத்துக்குப் பெயர்பெற்ற இடம் பிலிமத்தலாவையில் 1963இல் நிறுவப்பட்ட இலங்கை இறையியல் கல்லூரி. அங்கும் பட்டம் வருவது வங்காளத்துச் செராம்பூரிலிருந்து, 1827இல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனத்தின் வழியாக. சட்டத்துக்கு அப்படி ஒரு சாசனமும் இல்லை. ஆகவே பிள்ளையைச் சட்டம் படிக்கச் சேர்க்கப் போகும் பெற்றோர், கட்டணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்? அந்தப் பெயரைப் புதுக்கடை ஏற்றுக்கொள்கிறதா?